கேம் ஆர்ட்டுக்குக் கருத்துக் கேட்பதும் சொல்வதும்: திருமலை ஓவியர்களுக்கான கேள்வி-பதில்

திருகோணமலை நகரம், உப்புவெளி, கிண்ணியா, மூதூர் என்று பல பக்கமும் இருந்து கேமுக்குப் படம் வரைபவர்களும் மாடல் செய்பவர்களும் ஒருவர் வேலையை ஒருவர் பார்க்கும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. பதில்களில் பாதி ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: கேம் ஆடுபவர் உங்கள் படத்தை எந்த அளவில், எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம் பார்ப்பாரோ, அப்படியே காட்டிக் கேளுங்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்ல வடிவு" என்பதற்கு மேல் எதுவும் வருவதில்லை. ஏன்?

கேள்வி அப்படி. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாதவர் மரியாதைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. படத்தோடு நாலு விஷயம் எழுதுங்கள்: என்ன கேம், திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரியும், எதை இனி மாற்ற முடியாது, உங்களுக்கு எதில் சந்தேகம். இப்படி:

"பக்கவாட்டில் நகரும் போன் கேம். திரை 640×360. இந்த வள்ளம் 96 பிக்சல் நீளம். ஆடுபவர் இதில் ஏறிக் குதிக்க வேண்டும். 24 நிறம்தான், அதை மாற்ற இயலாது. ஏறி நிற்கக்கூடிய பகுதி எது, வெறும் அலங்காரம் எது என்று பார்த்தவுடன் தெரிகிறதா?"

இதற்கு "சூப்பர்" என்று பதில் எழுத முடியாது. தெரிகிறது அல்லது தெரியவில்லை என்றுதான் சொல்லியாக வேண்டும்.

வேலை முடிந்த பிறகு காட்டுவதா, நடுவிலா?

மூன்று தடவை காட்டுங்கள். முதலில் வெறும் கறுப்பு நிழலுருவாக, 3டி என்றால் பெட்டிகளை அடுக்கிய நிலையில். அடுத்து ஒளி-இருளும் அடிப்படை நிறமும் வைத்ததும். கடைசியாகக் கேமுக்குள் ஏற்றிய பிறகு.

முதல் கட்டத்தில் "தலை பெரிது" என்றால் பத்து நிமிட வேலை. அதே சொல் யூவி விரித்து (மாடலின் மேற்பரப்பைத் தட்டையாக விரிப்பது), பேக் செய்து (நுணுக்கங்களைப் படமாகப் பதிவது), டெக்ஸ்ச்சர் (மேற்பரப்புப் படம்) பூசிய பிறகு வந்தால் அந்த மூன்றையும் திரும்பச் செய்ய வேண்டும். அப்போது செய்தவருக்குக் கேட்க மனம் வராது, பார்ப்பவருக்குச் சொல்ல மனம் வராது.

என்னென்ன படங்களைச் சேர்த்து அனுப்ப வேண்டும்?

2டி என்றால், கேமின் உண்மையான அளவில் ஒன்று, நாலு மடங்கு பெருக்கியது ஒன்று, சாம்பல் நிறமாக்கியது ஒன்று, கேமின் பின்னணி மேல் வைத்தது ஒன்று. வெள்ளைத் தாளில் நன்றாக நிற்கும் பாத்திரம் பச்சைப் புதருக்கு முன்னால் காணாமல் போகலாம். நாலாவது படத்தை அனுப்பாதவர்கள்தான் அதிகம். பிரச்சினையும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

3டி என்றால், டெக்ஸ்ச்சர் இல்லாத களிமண் நிறப் படம், கம்பிச்சட்டகம், யூவி விரிப்பு, டெக்ஸ்ச்சர் தாள், கேம் கேமராவிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட். சுழலும் வீடியோ அனுப்புவதானால் 90 பிரேமில் ஒரு முழுச் சுற்று, நொடிக்கு 30 பிரேம் போதும். அதைவிட வேகமாகச் சுற்றினால் பார்க்கிறவருக்குத் தலைதான் சுற்றும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மூன்று விளக்கு வைத்து, பின்னணியை மங்கலாக்கி எடுத்த படம் உங்கள் தொகுப்பில் போட நல்லது. கருத்துக் கேட்க உதவாது. அந்த விளக்குகள் கேமில் இல்லையே.

பிக்சல் ஆர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கலங்கிப் போகிறது.

படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். பிஎன்ஜி கோப்பாக, "டாக்குமென்ட்" வழியாக அனுப்புங்கள். பெருக்கும்போது முழு மடங்காக மட்டும் பெருக்குங்கள், 2, 3, 4 என்று. ஒன்றரை மடங்காக்கினால் சில பிக்சல் தடித்தும் சில மெலிந்தும் வரும். 320×180-ஐ ஆறு மடங்காக்கினாலும் 640×360-ஐ மூன்று மடங்காக்கினாலும் 1920×1080 சரியாக வரும். புதுக் கேம் தொடங்குபவர்கள் இந்த இரண்டில் ஒன்றை எடுத்தால் பிறகு தலையிடி இல்லை.

கேமுக்குள்ளும் கலங்கலாகத் தெரிந்தால் யூனிட்டி என்ற கேம் என்ஜினில் (கேமை இயக்கும் மென்பொருள்) பில்டர் மோடைப் "பாயின்ட்" என்றும் கம்ப்ரஷனை "நன்" (None) என்றும் வையுங்கள். இன்னொரு என்ஜினான கோடோட்டில் டெக்ஸ்ச்சர் பில்டரை "நியரஸ்ட்" ஆக்குங்கள்.

எனக்கு மஞ்சளாகத் தெரியும் மணல் அவருக்குச் செம்மஞ்சளாகத் தெரிகிறதாம்.

யாரோ ஒருவரின் திரையில் இரவு ஒளி, கண் பாதுகாப்பு போன்ற ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். முதலில் அதை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு, படம் எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகள் பின்பற்றும் நிற முறை) யில் ஏற்றுமதி ஆனதா என்று பாருங்கள். அடோபி ஆர்ஜிபி-யில் சேமித்த படம் சில செயலிகளில் வெளிறித் தெரியும். ஏமோலெட் திரையுள்ள போன்களில் நிறம் கூடுதலாகவே தூக்கலாக இருக்கும். அப்படியும் ஒத்துவராவிட்டால் கண்ணை நம்பாமல் நிறமெடுக்கும் கருவியை வைத்துச் சிவப்பு, பச்சை, நீல எண்களைச் சொல்லுங்கள். "மணல் 214, 178, 120, சட்டை 205, 170, 118, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன" என்றால் எந்தத் திரையிலும் அர்த்தம் ஒன்றுதான்.

படம் ஏதோ சரியில்லை என்று படுகிறது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பெரியதிலிருந்து சிறியதற்கு. படத்தை 64 பிக்சல் உயரத்துக்குச் சுருக்குங்கள். யார், எந்தப் பக்கம் பார்க்கிறார், கையில் என்ன என்று தெரிகிறதா? தெரியாவிட்டால் அதோடு நிறுத்திக்கொண்டு நிழலுருவைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். சட்டைப் பொத்தானைப் பற்றிக் கதைக்க இன்னும் நேரம் வரவில்லை. தெரிந்தால் சாம்பல் நிறமாக்கிப் பாருங்கள். முக்கியமான பொருளும் பின்னணியும் ஒரே சாம்பலாகிவிட்டால், வெளிச்ச வேறுபாடு இல்லாததை நிறம் மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்து இடவலமாகப் புரட்டுங்கள். கோணிய முகம், ஒரு பக்கம் சாய்ந்த கட்டடம் எல்லாம் உடனே கண்ணில் குத்தும். அதன் பிறகு வெளிச்சம் எல்லாப் பொருளிலும் ஒரே திசையிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். விளிம்பு, டெக்ஸ்ச்சர், சின்னச் சின்ன அலங்காரம் எல்லாம் கடைசி.

திருகோணமலை பிரட்றிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமானை ஒரு உதாரணமாக எடுக்கலாம். மர நிழலில் புள்ளி வெளிச்சம் விழும் இடத்தில் மான் மறைந்துபோவது இயற்கை. புள்ளிகள் இருப்பதே அதற்குத்தான். ஆனால் கேமில் ஆடுபவர் அந்த மானைப் பின்தொடர வேண்டும் என்றால் இயற்கையை அப்படியே வரைந்தால் தோற்றுப்போவீர்கள். தரையின் வெளிச்சப் புள்ளிகளைக் குறைத்து, மானின் முதுகுக் கோட்டுக்குப் பின்னால் ஒரு வெளிறிய இடைவெளி விட வேண்டும். "மான் தெரியவில்லை" என்பதோடு நிற்காமல் "முதுகும் தரையும் ஒரே வெளிச்ச மட்டத்தில் இருக்கின்றன" என்று சொன்னால் கேட்பவர் கையை எங்கே வைப்பது என்று அறிவார்.

சிவப்பு எதிரி, பச்சை நண்பன் என்று நிறத்தை மட்டும் நம்பியிருந்தாலும் இதே சாம்பல் சோதனை காட்டிக்கொடுக்கும். சிவப்பு-பச்சை பிரித்தறியாதவர்கள் ஆண்களில் கணிசமானவர்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேருக்கு ஒருவர். உருவத்திலும் வேறுபாடு வையுங்கள்.

திருமலையைக் கேமில் கொண்டுவரும்போது அடிக்கடி சுட்டிக்காட்டப்படும் பிழைகள் எவை?

முதல் பிழை சூரியன். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் கடல் முகம் கிழக்கே பார்க்கிறது. காலையில் பாறை பொன்னிறமாகும். பிற்பகலில் அதே முகம் நிழலில் நீலச் சாம்பலாக இருக்கும். கோயிலுக்குப் பின்னால் கடலில் சூரியன் மறைவதாக வரைவது அழகாக இருக்கலாம், ஆனால் இங்கே சூரியன் மறைவது நிலப்பக்கம். ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். நிழல் காலடிக்குள் போய்விடும். வெளிநாட்டுப் பாடக் காணொளியைப் பார்த்து நண்பகலுக்கு 45 பாகையில் நிழல் விழுத்தினால் ஊர்க்காரர் கண்ணுக்கு அது ஏதோ குளிர் நாடு.

இரண்டாவது மரம். ஆயத்த மாடல்களும் படங்களும் கிடைக்கும் அசெட் கடையில் "பாம்" என்று தேடி எடுப்பது பெரும்பாலும் தென்னை. பனைக்கு ஓலை விசிறி வடிவம், தலை உருண்டை, தண்டு நேராகக் கறுத்து நிற்கும். தென்னங்கீற்று இறகு வடிவம், தண்டு வளையும். தூரத்திலிருந்து நிழலுருவிலேயே இரண்டும் வேறு. நுங்குக் குலை வைத்தால் அது பெண் பனை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மானுக்கு அளவு பிழைக்கும். கிடா மானின் தோள் உயரம் சுமார் 90 சென்டிமீட்டர், அதாவது வளர்ந்தவரின் இடுப்பு மட்டம். குதிரை அளவுக்கு மான் வைத்தவர்கள் உண்டு. கொம்பு கிடாவுக்கு மட்டும், ஒவ்வொன்றிலும் மூன்று கிளை.

பக்கவாட்டில் மிதவைக் கட்டை உள்ள தோணியை 2டி-யில் வரைபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மிதவை ஒரு பக்கம்தான் இருக்கும். கேம் என்ஜின் ஸ்பிரைட்டை (கேமில் நகரும் 2டி படம்) புரட்டியதும் அது மறுபக்கத்துக்குத் தாவும். பாத்திரத்தின் வாள் கை மாறுவதும், சட்டையிலுள்ள தமிழ் எழுத்து கண்ணாடி எழுத்தாவதும் இதே காரணத்தால்தான். ஒன்று, இரு பக்கத்துக்கும் தனித்தனியாக வரையுங்கள். அல்லது வித்தியாசம் தெரியாதபடி வடிவமையுங்கள்.

கடலுக்கு ஒரே நீலம் போடாதீர்கள். நிலம் சூழ்ந்த உட்துறைமுகத்தில் நீர் ஆழம், அலை சிறிது, நிறம் இருண்டது. நிலாவெளிக் கரையோரம் ஆழம் குறைவு, வெளிர் பச்சை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான வாடைக்காற்று நாட்களில் திறந்த கடல் கொந்தளித்துச் சாம்பலாகும். கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு, ஒவ்வொன்றும் சிறிய சதுரத் தொட்டி. ஆவி பறக்கும் எரிமலைக் குளமாக வரைய வேண்டியதில்லை.

படம் எடுக்கப் போகும்போது: பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் உண்டு, அந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். கோயிலுக்குள் எடுப்பதற்கு முன் கேளுங்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி தேவை.

ஒருவர் படத்தின் மேலேயே திருத்தி வரைந்து காட்டலாமா?

கேட்டுவிட்டு வரையலாம். தனி லேயரில், மூன்று திருத்தத்துக்கு மேற்படாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணத்தோடு. முழுப் படத்தையும் உங்கள் பாணியில் வரைந்து கொடுத்தால் அவர் கற்பது ஒன்றும் இல்லை. அந்த மேல்வரைவை அவர் அப்படியே கேமில் பயன்படுத்தக் கூடாது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

3டி மாடலில் குழியெல்லாம் மேடாகத் தெரிகிறது. நண்பரின் கணினியில் சரியாக இருக்கிறதே?

காரணம் நார்மல் மேப்பின் (மேடு பள்ளம் இருப்பதுபோல் வெளிச்சத்தைக் காட்டும் படம்) பச்சைச் சேனல். பிளெண்டர், யூனிட்டி, கோடோட் மூன்றும் ஓபன்ஜிஎல் முறை; அன்ரியல் என்ஜின் டைரக்ட்எக்ஸ் முறை. ஒன்றுக்குப் பேக் செய்ததை மற்றதில் போட்டால் மேல்-கீழ் வெளிச்சம் தலைகீழாகும். பச்சைச் சேனலை மட்டும் புரட்டினால் போதும். புரட்டியும் மேற்பரப்பு விசித்திரமாக மினுங்கினால், அந்தப் படம் நிறப்படமாக வாசிக்கப்படுகிறது. பிளெண்டரில் "நான்-கலர்" (Non-Color) என்று மாற்றுங்கள், என்ஜினில் நார்மல் மேப் என்று குறியுங்கள்.

கருத்துச் சொல்பவர் இதே வேளையில் இன்னும் மூன்றைப் பார்த்துவிடலாம். அளவு: பிளெண்டரில் கன்ட்ரோல்-ஏ கொடுத்து ஸ்கேலைப் பதியாமல் ஏற்றுமதி செய்தால் கதவு நூறு மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்து நிற்கும். டெக்ஸ்ச்சர் அடர்த்தி: சுவருக்கு மீட்டருக்கு 512 பிக்சல் என்றால் பக்கத்திலிருக்கும் பெட்டிக்கும் ஏறக்குறைய அதுவே வேண்டும், பெட்டி கத்தி முனைபோல் தெளிவாகவும் சுவர் மங்கியும் இருந்தால் இரண்டும் வேறு வேறு கேமிலிருந்து வந்தவைபோல் இருக்கும். அடிநிறம்: உலோகமல்லாத பொருட்களுக்கு, 0 முதல் 255 வரையான அளவில், 30-க்குக் கீழும் 240-க்கு மேலும் போகாதீர்கள். முழுக்கறுப்புப் பாறையில் எந்த விளக்கும் விழாது.

என் பிஎன்ஜி 300 கேபி-தான். போன் கேமுக்குப் பெரிது என்கிறார்கள், நியாயமா?

நியாயம். கோப்பின் அளவு தரவிறக்கத்துக்குத்தான் கணக்கு. நினைவகத்தில் ஏறும்போது 2048×2048 படம், சுருக்கம் எதுவும் இல்லாவிட்டால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 16 எம்பி பிடிக்கும். மிப்மேப்போடு (தூரத்தில் காட்ட வைக்கும் சிறிய பிரதிகள்) 21 எம்பி தாண்டும். படம் வெறும் வெள்ளையாக இருந்தாலும் அதே கணக்கு. போன்களில் பயன்படும் ஏஎஸ்டிசி டெக்ஸ்ச்சர் சுருக்கத்தில், 4×4 என்றால் 4 எம்பி, 6×6-இல் 2 எம்பி-க்குள் வரும். பிக்சல் ஆர்ட்டுக்கு இந்தச் சுருக்கம் வேண்டாம். அதற்குப் படத்தையே சிறிதாக வைத்திருங்கள்.

ஸ்பிரைட்டைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு.

ஒளிபுகும் பிக்சல்களுக்கு அடியில் வெள்ளை நிறம் ஒளிந்திருக்கிறது. என்ஜின் விளிம்பை மென்மையாக்கும்போது அது கலக்கிறது. யூனிட்டியில் "ஆல்பா இஸ் டிரான்ஸ்பரன்சி", கோடோட்டில் "பிக்ஸ் ஆல்பா பார்டர்" என்ற தெரிவை இயக்குங்கள்.

நடை அசைவுக்கு எப்படிக் கருத்துச் சொல்வது? "நடை செயற்கையாக இருக்கு" என்றால் போதுமா?

போதாது. பிரேம் எண்ணைச் சொல்லுங்கள். ஒரு காலடிக்கு நாலு நிலை: கால் பதிதல், உடல் தாழ்தல், கால் கடத்தல், உடல் எழுதல். இரண்டு காலுக்கும் 8 பிரேம். தாழ்தலிலும் எழுதலிலும் தலை ஒரே உயரத்தில் நின்றால் பாத்திரம் வழுக்கிச் செல்வதுபோல் இருக்கும். "2-ஆம் பிரேமில் தலையை ஒரு பிக்சல் இறக்குங்கள்" என்பதுதான் கருத்து.

கால் தரையில் சறுக்குவது பெரும்பாலும் வரைந்தவரின் பிழை அல்ல, வேகத்தின் பிழை. 8 பிரேமில் பாத்திரம் 48 பிக்சல் கடக்குமாறு வரைந்து, நொடிக்கு 12 பிரேம் ஓட்டினால், அது நகர வேண்டிய வேகம் நொடிக்கு 72 பிக்சல். நிரல் எழுதுபவர் 100 என்று வைத்திருந்தால் கால் சறுக்கத்தான் செய்யும். அந்த எண்ணைக் கேட்டுவிட்டுப் படத்தில் கை வையுங்கள்.

தமிழ் எழுத்துள்ள பட்டன்களில் கொம்பு இடம் மாறி நிற்கிறது. இதை ஓவியர் கவனிக்க வேண்டுமா?

கண்டிப்பாக. ஆங்கிலத்தில் பார்த்துச் சரி சொல்லிவிட்டு வெளியீட்டு வாரத்தில் தமிழைப் போட்டால் அப்போதுதான் தெரியும். யூனிட்டியின் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் புரோ தமிழ் எழுத்துகளை இணைத்து அடுக்காது; "கெ"-யில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விடும். கோடோட் 4 சரியாகக் காட்டும். போட்டோஷாப்பில் எழுத்து அமைப்பை "வேர்ல்ட்-ரெடி" என்று மாற்றாவிட்டால் அங்கும் உடையலாம். தலைப்புப் படம் மட்டும் என்றால் இங்க்ஸ்கேப்பில் எழுதிப் பாதையாக மாற்றிக் கொண்டுவருவது சுலபம்.

பட்டனில் இடமும் பாருங்கள். "ஓகே" இருந்த இடத்தில் "உறுதிப்படுத்து" வரும். ஆங்கிலப் பெரிய எழுத்தை 8 பிக்சல் உயரத்தில் எழுதிவிடலாம். ஞகரமும் ணூவும் அதற்குள் அடங்கா. 16-இல் தொடங்குங்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மேலே ஒரு பிக்சலாவது விடுங்கள், இல்லாவிட்டால் "கல்" "கல" ஆகிவிடும்.

ஒருவர் நிறத்தைக் கூட்டு என்கிறார், இன்னொருவர் குறை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இருவரும் ஒரே இடத்தைக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். காட்டினால் அங்கே பிரச்சினை இருப்பது உறுதி. இருவரின் மருந்தும் தவறாக இருக்கலாம். கடலின் நீலம் கூட, குறைய என்று சண்டை வந்தால், பெரும்பாலும் கடலும் வானமும் ஒரே வெளிச்ச மட்டத்தில் கிடக்கும். பார்ப்பவர்கள் நோயைச் சரியாகச் சொல்வார்கள், மருந்தைச் சொல்வது உங்கள் வேலை. கேம் ஆடுகிற, ஆனால் வரையத் தெரியாத ஒரு தம்பி "எங்க போறதெண்டு தெரியேல்ல" என்றால் அது பல ஓவியர்களின் நிறக் கோட்பாட்டைவிடப் பெறுமதியானது.

மூத்தவர் சொன்னதை மறுத்தால் மரியாதைக் குறைவாகிவிடாதா?

மறுக்கத் தேவையில்லை, காரணம் கேட்டால் போதும். "அண்ணா, தோளை அகலமாக்கினால் 32 பிக்சல் கட்டத்துக்கு வெளியே போகுது. வேறு வழி இருக்கா?" என்று கேட்டால் அவரும் யோசிப்பார். பேசாமல் தலையாட்டிவிட்டு ஒன்றையும் மாற்றாமல் அடுத்த வாரம் அதே படத்தோடு வருவதுதான் உண்மையான அவமரியாதை. சொல்பவர்களுக்கும் ஒன்று: "தங்கச்சி, உங்களுக்கு அனாட்டமி வராது" என்பது கருத்து அல்ல. "முழங்கை இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டது" என்பது கருத்து.

இணையத்தில் எடுத்த டெக்ஸ்ச்சர், ஏஐ படம் எல்லாம் சேர்த்திருந்தால் சொல்ல வேண்டுமா?

கேட்கும்போதே சொல்லுங்கள். எது உங்கள் கை, எது வெளியிலிருந்து வந்தது என்று தெரியாமல் கருத்துச் சொல்ல முடியாது. பாலி ஹேவன் என்ற இணையத்தளத்தில் உள்ளவை சிசி0 (எந்த நிபந்தனையும் இல்லாத) உரிமம், தாராளமாக எடுக்கலாம். சிசி-பை என்றால் செய்தவர் பெயரைக் கேமில் போட வேண்டும். கூகுள் தேடலில் கிடைத்தது என்பது உரிமம் அல்ல. எழுத்துருவுக்கும் இதுவே, நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமம் உள்ளது.

திருத்திய பிறகு மறுபடி எப்படிக் காட்டுவது?

பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில், அதே கேமரா, அதே வெளிச்சம், அதே அளவு. கோணத்தை மாற்றிக் காட்டினால் படம் முன்னேறியதா கேமரா முன்னேறியதா என்று தெரியாது. கோப்புப் பெயரில் 01, 02 என்று எண் போடுங்கள். "பைனல்", "பைனல் புதுசு", "உண்மையான பைனல்" என்று போனால் எந்தப் படத்துக்கு யார் என்ன சொன்னார் என்று இரண்டு நாளில் குழம்பிவிடும். எடுத்துக்கொண்ட கருத்து எது, விட்டது எது, ஏன் விட்டீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். ஒரே படத்துக்கு மூன்றாம் சுற்றிலும் புதுக் குறைகள் வந்தால் அதை அப்படியே கேமில் வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள். மற்ற படங்களெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, அந்தக் குறை இன்னும் தெரிகிறதா என்று ஆடிப் பார்த்துக்கொள்ளலாம்.